பகல் வெளிச்சத்தில் பார்க்கவும்

நகராட்சி வாங்கித் தந்த கம்பூட்டு ஒன்பதாம் நம்பர்.
என் கால் ஐந்து.
மிச்ச இடத்தை இரண்டு ஜோடி காலுறையால் நிரப்பிக்கொண்டு
விடிகாலை நாலு மணிக்கு
ஆட்டுத்தொட்டிக்குள் நடக்கிறேன்.

கூடப் படித்தவர்கள் ஓசூரில் கிளினிக் வைத்து
லாப்ரடார்களுக்கு நகம் வெட்டுகிறார்கள்.
ஞாயிறு விடுமுறை அவர்களுக்கு.
காவேரிப்பட்டணத்திலிருந்து அம்மா போனில் சொல்கிறாள்:
"மாப்பிள்ளை வீட்ல கேட்டா மாட்டு டாக்டர்னு மட்டும் சொல்லு.
மிச்சத்தைக் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

மிச்சம் இதுதான்.
உயிரோடு நடக்கவிட்டு நொண்டல் பார்ப்பது.
அறுத்த பின் ஈரலைத் திருப்பி, பித்தநாளத்தைக் கீறி அழுத்துவது.
தட்டைப்புழு இருந்தால்
நனைந்த இலை மாதிரி வழுக்கி வெளியே வரும்.
நுரையீரலைக் கண்ணை மூடிக்கொண்டும் பார்க்கலாம்,
கட்டி இருக்கும் இடத்தில் விரல் தானே நிற்கும்.
சரியென்றால் தொடையில் ஊதா முத்திரை.
முத்திரையில் ஷ் தேய்ந்துவிட்டது.
மூன்று வருடமாக இந்த ஊர்
கிரு ணகிரி ஆட்டைத்தான் தின்கிறது.

அந்த ஞாயிறு, நயாஸ் பாயின் ஏழாவது கிடா.
கொழுப்பின் நிறம் சரியில்லை
அல்லது டியூப்லைட் சரியில்லை.
விதிப்புத்தகத்தில் ஒரே வரி:
சந்தேகமானால் பகல் வெளிச்சத்தில் பார்க்கவும்.

"ஆறு மணிக்குக் கடை தெறக்கணும் மேடம்."
"சூரியன் வரட்டும் பாய்."
"குன்று மறைக்குது. இங்க அது ஆறரைக்குத்தான் வரும்."
பிறகு உருதுவில் ஏதோ சொன்னார்.
எனக்குப் புரிந்தது இரண்டு வார்த்தை,
இரண்டும் என்னைப் பற்றி.

டீ வந்தது.
கிடா கொக்கியில் தொங்கியது.
குந்தாரப்பள்ளிச் சந்தையில் கொடுத்த விலையை அவர் சொல்லவில்லை,
கிளாஸைக் கீழே வைத்த சத்தத்தில் இருந்தது.

வெளிச்சம் முதலில் கொக்கியைத் தொட்டது,
பிறகு இறங்கியது.
மஞ்சள்.
இந்த ஊர் மாம்பழ மஞ்சள் இல்லை,
பழைய கணக்கு நோட்டின் மஞ்சள்.
தலையை எடுத்து இமையை விரித்தேன், விழியிலும் அதே.
"நீங்களே பாருங்க பாய்."
பார்த்தார். வாதாடவில்லை.
அவரே குறுக்கும் நெடுக்கும் கீறினார்,
நான் பினாயில் ஊற்றினேன்.

சுண்ணாம்புக் குழி வரை தூக்கி வந்தவன் தப்ரேஸ்,
அவர் கடைப் பையன், பத்தொன்பது வயது.
போட்டுவிட்டு நிமிர்ந்து
முழங்கையால் நெற்றியைத் துடைத்தான்.
அதே வெளிச்சம் அவன் முகத்தில்.

நான் அவன் கண்ணைப் பார்த்தேன்.
நயாஸ் பாயும் பார்த்தார்.
இப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா காய்ச்சல்?"
"நாலு. சீசன் வேலை மேடம்."
"ஒண்ணுக்கு?"
தலையைக் குனிந்துகொண்டு, "டீ மாதிரி."
உள்ளங்கையில் பழைய வெட்டு, கட்டுப் போடாதது.

என் படிவத்தில் பதினான்கு கட்டம்.
வெட்டியது, கழித்தது, காரணம், எடை.
தூக்கி வந்தவன் கண்ணுக்குக் கட்டம் இல்லை.
கழித்ததற்கு நேராக ஒன்று என்று எழுதி
பின்பக்கத்தில் பென்சிலால் அவன் பெயரை எழுதினேன்.
பின்பக்கத்தை யாரும் திருப்புவதில்லை.

டிவிஎஸ்ஸில் பின்னால் உட்காரவைத்து
துண்டால் தன் இடுப்போடு அவனைச் சேர்த்துக் கட்டி
அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார் நயாஸ் பாய்.
வாசலில் காலூன்றித் திரும்பினார்.
"மத்த பத்துக்கும் சீல் போட்டுடுங்க.
தம்பி வந்து எடுத்துப்பான்."

போட்டேன்.
கிரு ணகிரி. கிரு ணகிரி.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர்
என் கட்டைவிரலைப் பார்த்து
"எங்கம்மா எலெக்‌ஷன்?" என்றார்.
சில்லறை எண்ணித் தரும்வரை
அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
சிவப்பு மட்டும்தான்.
தூக்கமில்லாதது.